குடியேற ஓர் ஊர்: ஒரு குடும்பக் கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஒருவர் ஊர் மாற நேர்ந்தால், முதலில் எழும் கேள்வி எங்கே குடியிருப்பது என்பதே. வேலைக்கு அருகில் இருந்தால் வாடகை கூடும், வீடு சுருங்கும். தொலைவில் இருந்தால் வாடகை குறையும், காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். ஆனால் நாளின் பெரும்பகுதி பஸ்ஸிலும் ரயிலிலும் கரையும். நம் வகுப்பில் பாதிப் பேர் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குள் இந்தக் கேள்வியைச் சந்திக்கப் போகிறவர்கள். எனக்கு அது சற்று முன்னதாகவே வந்துவிட்டது.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் குடும்பம் ஊர் மாறுவது என்று முடிவாயிற்று. எந்த ஊருக்கு என்பது முடிவாகவில்லை. என் தந்தையார் பெயின்டர். மதுராந்தகத்திற்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து கிண்டிப் பக்கம் வேலைக்குப் போய்வருவார். ஒரு நாள் இரவு, சாப்பிட்டுக் கை கழுவிய பின் என்னைக் கூப்பிட்டு, "நீதான் படிச்சவன். நான் வாயால பேசிப் பேசி ஒண்ணும் ஆவல. கணக்குப் போட்டுச் சொல்லு, எங்க போலாம்" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வட்டிக்கடைச் சீட்டைப் படித்துச் சொல்வது, ரேஷன் அட்டையில் பிழை திருத்த எழுதிக் கொடுப்பது என்று பல வேலைகள் எனக்கு வந்ததுண்டு. இதுபோல் ஒன்று வந்ததில்லை. ஆகவே இதைத் தேர்வுக் கேள்வி போலவே எடுத்துக்கொண்டேன். நூலகத்தில் சில நாள் உட்கார்ந்தேன். அதில் அறிந்ததையும், என் கணக்கில் வந்த பிழையையும் இங்கே எழுதுகிறேன்.

அறிஞர்கள் கண்டது

இடத்தையும் தூரத்தையும் கணக்கில் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, ஜெர்மனியில் மெக்லன்பர்க் பகுதியில் பண்ணை வைத்திருந்த வான் தூனென் என்பவர். 1826-இல் அவர் வெளியிட்ட 'தனித்த நாடு' என்னும் நூலில், சமவெளியின் நடுவே ஒரே ஒரு நகரம் இருப்பதாகக் கற்பனை செய்தார். அந்நகரைச் சுற்றி எது எங்கே விளையும்? விரைவில் கெட்டுப்போகும் பாலும் காய்கறியும் முதல் வளையத்தில், சுமக்கக் கனமான விறகு அடுத்த வளையத்தில், தானியம் அதற்கப்பால், தானே நடந்து சந்தைக்கு வரக்கூடிய கால்நடை கடைசியில். எல்லாம் வண்டிக் கூலி செய்யும் வேலை. கீரை வெகுதூரம் பயணம் போகாது என்பது எங்கள் ஊரில் யாரும் அறிந்ததுதான். அதை வளையமாக வரைந்து காட்டலாம் என்பதுதான் எனக்குப் புதிது.

விளைபொருளுக்குப் பதிலாக மனிதனை வைத்து இதே கணக்கைப் போட்டவர் வில்லியம் அலான்சோ. 1964-இல் வந்த நூலில் அவர் சொன்னதன் சாரம் இது: வேலை எல்லாம் நகரின் நடுவில் இருக்கிறது, நடுவிலிருந்து விலக விலகப் பயணச் செலவு ஏறுகிறது, அந்த ஏற்றத்தை ஈடுகட்டும் அளவுக்கு நிலத்தின் விலை இறங்குகிறது. ஒவ்வொரு குடும்பமும் இவ்விரண்டும் தனக்குச் சமன்படும் இடத்தில் போய் நிற்கும். வாடகை குறைந்த இடத்தில் இருப்பவனும் ஏமாறவில்லை, வாடகை மிகுந்த இடத்தில் இருப்பவனும் ஏமாறவில்லை. காகிதத்தில் பார்க்க அழகான முடிவு.

நேரத்தை மட்டும் பார்த்தவர்களும் உண்டு. 1970களில் யாக்கோவ் ஜஹாவி என்பவர், பல நகரங்களின் மக்கள் நாளொன்றுக்குப் பயணத்தில் செலவிடும் நேரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-இல் இதை விரித்து எழுதினார். மனிதன் போகவும் வரவும் சேர்த்து நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் செலவிடுகிறான். வேகம் கூடினால் நேரத்தை மிச்சம் பிடிப்பதில்லை, இன்னும் தொலைவுக்குப் போய்விடுகிறான் என்பது அவர் கருத்து. கணித மாணவர்க்கு இது பிடிக்கும். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவன் அரை மணியில் 2.5 கிலோமீட்டர் போவான். அதை ஆரமாகக் கொண்ட வட்டத்தின் பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் போகும் வண்டி கிடைத்தால் ஆரம் 15. பரப்பு சுமார் 707. வேகம் 6 மடங்கு, நகரமோ 36 மடங்கு.

ஆனால் ரயில் வட்டமாகப் போவதில்லை, கோடாகப் போகிறது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் பாதையில் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு தென்சென்னை வளர்ந்ததைப் பாருங்கள்: கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று நூலில் கோத்த மணிகள். இவற்றில் குரோம்பேட்டைக்குப் பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. மீட்டர் பாதை 2004-இல் முடிவுக்கு வந்து அகலப் பாதையாயிற்று; மணிகளோ தாம்பரம் தாண்டி வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று செங்கல்பட்டு வரை நீண்டுவிட்டன. நம் ஊரின் கொளவாய் ஏரியை ஒட்டி ரயில் திரும்பும் இடத்தில் நின்று காலையில் பார்த்தால், அந்த நூலின் நுனியில் நாம் இருப்பது தெரியும்.

இனி, மேற்சொன்ன அழகான முடிவைக் கொஞ்சம் கலைத்த ஆராய்ச்சி ஒன்று. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புரூனோ ஃப்ரே, அலாய்ஸ் ஸ்டட்சர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள், ஜெர்மனியில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் பெரிய குடும்பக் கணக்கெடுப்பை ஆராய்ந்து, 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அலான்சோ சொன்னது சரியானால், நெடுந்தூரம் போய்வருபவர் குறைந்த வாடகையாலோ கூடிய சம்பளத்தாலோ ஈடு பெற்றிருக்க வேண்டும். மொத்தத்தில் மற்றவரைப் போலவே நிறைவாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. பயண நேரம் கூடக்கூட, வாழ்க்கை நிறைவாக உள்ளதா என்ற கேள்விக்கு அவர்கள் தந்த மதிப்பெண் குறைந்தது. 2004-இல் டேனியல் கானமனும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களை முந்தைய நாளை மணிவாரியாக நினைவுகூரச் சொன்னபோது, அவர்களுக்கு மிகக் குறைந்த இன்பம் தந்தவற்றில் காலை நேரத்துப் பயணம் இருந்தது.

ஈடு ஏன் கிடைக்கவில்லை? நாம் வீடு பார்க்கப் போகும்போது கண்ணுக்குத் தெரிவது வீடு. பயணம் தெரிவதில்லை. பொங்கலுக்கு மாமா குடும்பம் வந்தால் படுக்க இன்னோர் அறை வேண்டும் என்று நினைக்கிறோம். மாமா ஆண்டுக்கு இரண்டு நாள் வருவார். ரயிலோ ஆண்டுக்கு முந்நூறு நாள். பெரிய கூடம் மூன்று மாதத்தில் பழகிப்போய்க் கண்ணில் படாமல் போய்விடும். பஸ் நெரிசல் பழகுவதில்லை. ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு காரணத்தால் தாமதமாகிறது.

என் கணக்கு

இவ்வளவும் படித்துவிட்டு நான் கணக்கு நோட்டைத் திறந்தேன். தந்தையார்க்கு மாதம் 26 நாள் வேலை. எனக்கும் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் தங்கைக்கும் 22 நாள். நான்கு இடங்கள் எங்கள் பேச்சில் இருந்தன: கிராமத்திலேயே இருந்துவிடுவது, செங்கல்பட்டு, கூடுவாஞ்சேரி, கிண்டி அருகே ஒற்றை அறை.

கிராமத்தில் இருந்தால் தந்தையார் போகவர 5½ மணி நேரம். மாதம் 143 மணி. நான் கல்லூரிக்கு 2½ மணி, மாதம் 55. தங்கை 1 மணி, 22. மொத்தம் 220 மணி.

கிண்டியில் இருந்தால் தந்தையார்க்கு ஒரு மணி போதும், மாதம் 26. தங்கைக்கு அரை மணி, 11. ஆனால் நான் அங்கிருந்து நம் கல்லூரிக்கு நாளும் 3½ மணி பயணம் செய்ய வேண்டும்; 77. மொத்தம் 114.

செங்கல்பட்டில் இது தலைகீழ். தந்தையார் 3½ மணி, மாதம் 91. நானும் தங்கையும் அரை அரை மணி, 22. மொத்தம் 113.

கூடுவாஞ்சேரி நடுவில் இருப்பதால் எல்லார்க்கும் நல்லது என்று வீட்டில் எல்லாரும் எண்ணியிருந்தோம். தந்தையார் 2½ மணி, 65. நான் 2 மணி, 44. தங்கை 11. மொத்தம் 120.

இந்த மூன்று எண்களைப் பார்த்ததும் எங்கோ தப்புச் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். 114, 113, 120. மறுபடியும் போட்டேன். அதேதான். கிராமத்தை விட்டு வந்தால் நூறு மணி மிச்சம், அது உறுதி. ஆனால் வந்தபின் கோட்டின் எந்த மணியில் குடியேறினாலும் குடும்பத்தின் மொத்தப் பயணம் ஏறத்தாழ ஒன்றே. மாறுவது, அது யார் தலையில் ஏறுகிறது என்பது மட்டும். கிண்டிக்குப் போனால் என் தந்தையாரின் பாரம் இறங்கி என்மேல் ஏறும். செங்கல்பட்டு என்றால் என் பாரம் இறங்கி அவர்மேல் இருக்கும்.

அலான்சோவின் கணக்கில் இது தெரியவே தெரியாது. அங்கே குடும்பம் என்பது ஓர் ஆள். அந்த ஆள் போகும் இடம் ஒன்றே ஒன்று. நம் வீடுகளில் நான்கு பேர் நான்கு திசையில் போகிறோம். நகரத்துக்கும் நடு ஒன்றில்லை. 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா வந்தது. ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் இப்போது தாமே நடுக்களாக நிற்கின்றன. ஒரே வீட்டில் அண்ணன் ஒரகடத்துக்கும் தம்பி தரமணிக்கும் போனால் அந்த வீடு எங்கே இருக்க வேண்டும்?

அடுத்தது வாடகை. நாங்கள் பார்த்த வீடுகளில் செங்கல்பட்டில் 5,000, கூடுவாஞ்சேரியில் 7,000, கிண்டி அருகே பொதுக் கழிப்பறையுடன் ஓர் அறைக்கு 9,000. கிண்டிக்கும் செங்கல்பட்டுக்கும் வேறுபாடு 4,000. கிண்டியில் தந்தையார்க்கு மிச்சமாவது 65 மணி. ஆக, ஒரு மணி நேரத்தின் விலை சுமார் 61 ரூபாய் 50 காசு. அவர் கூலி நாளுக்கு 900. எட்டு மணி என்றால் மணிக்கு 112 ரூபாய் 50 காசு. புத்தகப்படி, 112 ரூபாய்ப் பொருள் 61 ரூபாய்க்குக் கிடைக்கும்போது வாங்க வேண்டியதுதானே? இதைப் பெருமையோடு அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "மிச்சமாவுற ரெண்டு மணிய எந்த மேஸ்திரி வாங்கிக்குவான்?" என்றார். உண்மை. மாத ஊதியக்காரர்க்கோ கூலிக்காரர்க்கோ மிச்சமாகும் நேரம் காசாக மாறுவதில்லை. அது உறக்கமாக மாறும். பிள்ளைகளோடு பேசும் பேச்சாக மாறும். அதற்கும் விலை உண்டுதான், ஆனால் வீட்டுக்காரர் அந்தக் காசை வாங்கிக்கொள்ள மாட்டார்.

முன்பணத்தையும் சொல்ல வேண்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது. கிண்டி அருகே எங்களிடம் கேட்டது பத்து மாதம். 'வேறுவிதமாக ஒப்பந்தம்' என்ற சொற்றொடரின் வலிமையை அன்று அறிந்தேன். ரயில் செலவு ஒரு பொருட்டே அல்ல. மாதச் சீசன் சீட்டு தந்தையாரின் ஒரு நாள் கூலியில் பாதிக்கும் குறைவு. அரசு கல்லூரி மாணவன் என்பதால் எனக்குப் பஸ் பாஸ் உண்டு. ஆகவே எங்கள் கணக்கில் தூரத்தின் விலை பணமாக இல்லை; முழுக்க முழுக்க நேரமாகவே இருந்தது.

விடுபட்ட வரி

நோட்டை அம்மாவிடம் காட்டினேன். அவர்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார்கள். அப்பா, நான், தங்கை. "என் கணக்கு எங்கப்பா?" என்றார்கள்.

எனக்குப் பதில் இல்லை. அவர்கள் வெளியே வேலைக்குப் போவதில்லை, ஆகவே பயணம் இல்லை என்று நான் விட்டிருந்தேன். கிராமத்தில் அம்மா ரவிக்கை தைக்கிறார்கள். ஊர்ப் பெண்கள் அனைவரும் அவர்களிடம்தான் வருவார்கள். துணி கேட்டு அவர்கள் ஓரடி நடந்ததில்லை. ஊர் மாறினால் அந்த வாடிக்கை போகும். புது ஊரில் ஒருவர் நம்பிக் கொடுக்க ஓராண்டாவது ஆகும். தெருக்குழாய் எங்கள் வாசலில். ரேஷன் கடை கூப்பிடு தூரம். ஆயா எங்களோடு வர மறுத்தால், வாரம் ஒருமுறை யார் போய்ப் பார்ப்பது? அந்தப் பயணமும் அம்மாவுடையதே. அரசு நகரப் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், நேரத்துக்குக் கட்டணம் உண்டல்லவா?

நகரில் வீட்டு வேலைக்குப் போகலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ரவிக்கைக்கு அளவெடுப்பவரை, பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கினால் மாதம் இவ்வளவு வரும் என்று கூட்டி எழுதினேன். அம்மா கோபப்படவில்லை. "தண்ணி எப்படின்னு கேட்டியா?" என்று மட்டும் கேட்டார்கள்.

கேட்கவில்லை. கூடுவாஞ்சேரியில் நாங்கள் பார்த்த வீட்டில் குழாய்த் தண்ணீர் வாரத்திற்கு இரண்டு நாள். கோடையில் லாரி வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை முழுதும் குடத்தோடு நின்றதை நாம் பார்த்தோம். லாரிக்காக வீட்டில் ஒருவர் காத்திருக்கும் நேரமும் பயண நேரமே என்று இப்போது எண்ணுகிறேன். அம்மாவின் வரியை எழுதத் தொடங்கியதும் மற்ற மூன்று வரிகளும் சிறுத்துவிட்டன.

வீடு பார்த்தது

நோட்டை மூடிவிட்டு நேரில் போனோம். இதில் கற்றதுதான் வரப்போகும் நண்பர்களுக்கு அதிகம் பயன்படும்.

வீட்டைக் காட்டுபவர் ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு வரச் சொல்வார். அந்நேரம் எந்த ஊரும் அமைதியாகத்தான் இருக்கும். நாங்கள் ஒரு திங்கட்கிழமை காலை கூடுவாஞ்சேரியில் ஆறரை மணிக்குப் போய் நின்று, தந்தையார் ஏறவேண்டிய வண்டியில் ஏறிப் பார்த்தோம். ஏறினோம் என்பதைவிட ஏற்றப்பட்டோம் என்பதே சரி. கிண்டி வரை 40 நிமிடமும் நின்றே போனோம். அதே வண்டி செங்கல்பட்டில் புறப்படும்போது பாதி இருக்கைகள் காலியாக இருக்கும் என்பது மறுநாள் தெரிந்தது. புறப்படும் நிலையத்தில் குடியிருப்பவனுக்கு உட்கார இடம். 70 நிமிடம் உட்கார்ந்து போவதும் 40 நிமிடம் நின்று போவதும் என் நோட்டில் 70, 40 என்று மட்டுமே பதிவாகியிருந்தன. நாள் முழுதும் ஏணியில் நிற்கும் ஒருவர்க்கு அவை அப்படி அல்ல.

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கம் ஒரு வீடு மிக மலிவாக வந்தது. இரண்டு அறை, முன்னால் திண்ணை. எனக்கு ஆசை விழுந்துவிட்டது. தந்தையார் ஒன்றும் பேசாமல் சுவரைத் தட்டிக்கொண்டே கூடத்தைச் சுற்றினார். ஓரிடத்தில் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். வெளியே வந்தபின் சொன்னார்: "கீழ நாலடிக்கு மட்டும் புதுசா பட்டி பார்த்து அடிச்சிருக்கான். மேல பழைய பெயின்ட்டு. ஓதம் காக்குது. தண்ணி நின்ன வீடு." தெருமுனைப் பெட்டிக்கடையில் கேட்டோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கழுத்தளவு நின்றதாம். 2023 டிசம்பர்ப் புயல் மழையிலும் தெருவில் தண்ணீர் வந்ததாம். வாடகை ஏன் மலிவு என்பதற்குத் தூரம் மட்டுமே காரணமில்லை. நம் மாவட்டம் ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்றது. ஏரி இருந்த இடத்தில் வீட்டைக் கட்டிவிட்டால் ஏரி போய்விடாது. மழைக்காலத்தில் தன் இடத்தைப் பார்க்க வரும். நான் மூன்று வாரம் நூலகத்தில் படித்துக் காணாததை என் தந்தையார் ஒரு நகத்தால் கண்டார். பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு பட்டமும் தரவில்லை.

இன்னொன்று. இன்று சரியாக இருக்கும் கணக்கு நாளை மாறிவிடும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தார்கள். கோயம்பேடு வரை போய்க்கொண்டிருந்த தென்மாவட்டப் பஸ்கள் அங்கேயே நிற்கத் தொடங்கின. ஒரே பஸ்ஸில் இறங்கி வேலைக்கு நடந்த எத்தனையோ பேர் அன்று முதல் இன்னொரு பஸ் ஏறினார்கள். அவர்கள் வீடு நகரவில்லை, தூரம் கூடிவிட்டது. பத்து மாத முன்பணம் கொடுத்து ஒரே ஒரு பஸ்ஸை நம்பி வீடு பிடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தேர்வு இல்லாதவர்கள்

இதுவரை எழுதியதெல்லாம் தேர்ந்தெடுக்க வாய்ப்புள்ளவர்களைப் பற்றியது. சென்னையில் அந்த வாய்ப்பே இல்லாமல் ஊர் மாற்றப்பட்டவர்கள் உண்டு. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டித் தருவதே வழக்கமாக இருந்தது. கூவத்தின் கரையில் இருந்தவன் அதே தெருவில் மாடியில் குடியேறினான், வேலை மாறவில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணகி நகர், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் ஓரத்தில் பெரிய குடியிருப்புகள் எழுந்தன. 2015 வெள்ளத்திற்குப் பின் ஆற்றோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்திற்குக் கொண்டுபோகப்பட்டன. வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

கான்கிரீட் வீடு கிடைத்தது, மின்சாரம் கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்த பெண், காலை ஆறு மணிக்கு முதல் வீட்டில் இருக்க வேண்டுமானால், அங்கிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்? அவள் மற்ற மூன்று வீடுகளை விட்டுவிடுவாள். பிறகு நான்கையுமே விட்டுவிடுவாள். வீட்டின் மதிப்பைக் கணக்கிட்டவர்கள் நான் அம்மாவின் வரியை விட்டது போல ஒரு வரியை விட்டுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. என் பிழையால் ஒரு நோட்டுப் பக்கம் கெட்டது. அவர்கள் பிழை பல்லாயிரம் குடும்பங்களின் காலைப் பொழுது.

முடிவானது

ஆடி கழிந்து ஆவணியில் செங்கல்பட்டுக்கு வந்தோம். ரயில் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடை. கிணறு உள்ள வீடு. எதிர் வரிசையில் இரண்டு தெருவுக்கு வேறு தையற்காரர் இல்லை என்பதை அம்மாவே போய்ப் பார்த்து வந்தார்கள். இப்போது ஆறு ரவிக்கை வந்திருக்கிறது. ஆயா வரவில்லை, மதுராந்தகம் பஸ் அம்மாவுக்கு மனப்பாடம்.

மாதம் 91 மணி இன்னமும் தந்தையார் தலையில்தான். என் படிப்பு முடியும்வரை இங்கே, அதன் பிறகு கிண்டிப் பக்கம் பார்க்கலாம் என்பது எங்கள் ஒப்பந்தம். என் நோட்டில் இருந்த நான்கு விடைகளில் இது அவருக்கு மிகச் சிறந்தது அல்ல என்பதை நான் அவரிடம் சொன்னேன். கிண்டியில் இருந்தால் 26 மணிதான் என்று எழுதியும் காட்டினேன். "அப்போ நீ எழுபத்தேழு மணி போவணும். அந்த நேரத்துல நீ படிப்பியா, தூங்குவியா?" என்றார். படிப்பேன் என்றேன். அவர் நம்பவில்லை, நானும் முழுதாக நம்பிச் சொல்லவில்லை.

அதிகாலை வண்டியில் ஜன்னல் ஓரம் அவருக்கு இடம் கிடைக்கிறது. சிங்கப்பெருமாள் கோயில் வருவதற்குள் உறங்கிவிடுவாராம். மார்கழியில் ஒரு நாள் கிண்டி தாண்டியது தெரியாமல் மாம்பலத்தில் கண்விழித்து, திரும்பி வந்து மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினார். அதன் பிறகு பக்கத்தில் உட்கார்பவர் யாராக இருந்தாலும், பரங்கிமலை வந்ததும் தட்டி எழுப்பச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார்.